வாங்க என்று கேட்காத ஆமைகள்

மயில்சாமி ஆரஞ்சு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாயிற்று. மணி ஆறே கால். ஒரு கையில் காபி டம்ளர், மற்றதில் ஒரு பிடி செம்பருத்தி இலை. "வாங்க சாமி, வாங்க. வெயில் ஏர்றதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டுருங்க" என்று அவர் குரல் கொடுக்க, வேலியோரத்துக் கொட்டகையிலிருந்து முதலில் ஒரு தலையும், யோசித்து யோசித்து அதன் பின்னால் நாற்பது கிலோ உடம்பும் வெளியே வருகின்றன. இவர்தான் பெரியவர். அடுத்து வருவது அம்மிணி, கடைசியில் சின்னக்கண்ணு. மூன்றும் ஆப்பிரிக்கப் பாலைவனத்து ஆமைகள். குடியிருப்பது டெக்சாஸில், பிளானோவில். சோறு போடுகிறவர் உடுமலைப்பேட்டைக்காரர். ஆமைகளுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருப்பதாகத் தெரியவில்லை.

மயில்சாமிக்கு வயது ஐம்பத்து நாலு. ஊருக்குள்ளேயே லெகஸி என்கிற பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிற வேலை. எதற்கும் எவருக்கும் 'ங்க' போடாமல் அவருக்குப் பேச வராது. மகள் தாமரைச்செல்வி பிறந்த நாளிலிருந்து அவளை 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார். ஆபீஸில் சர்வர் படுத்துக்கொண்டால், பக்கத்து சீட் ராமசுப்ரமணியனிடம், "சித்த நேரத்துல எந்திரிச்சிருவாங்க, அவசரப்படுத்தாதீங்க" என்கிறார். காரில் வழி சொல்லும் இயந்திரக் குரலுக்கும் 'சரிங்க' என்று பதில் சொல்லிவிட்டுத்தான் டோல்வே என்கிற சுங்கச் சாலையை விட்டு இறங்குவார். மனைவி சாரதாவை அவர் கூப்பிடுவது 'அம்மிணி'. பத்து வருஷமாக ஒரு ஆமைக்கும் அதே பெயர். அவர் குரல் கொடுத்தால் இப்போதெல்லாம் ஆமைதான் திரும்புகிறது. சாரதா திரும்புவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே என்று ராமசுப்ரமணியன் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மயில்சாமிக்கு அதற்கு ஆயத்தப் பதில் உண்டு. "புகுந்தாத்தானுங்க? இவங்க பொடக்காலியில இருக்கறாங்க. வீட்டுப் படிய மிதிச்சதே இல்லீங்க." பொடக்காலி என்றால் அவர் ஊர்ப் பக்கத்தில் கொல்லைப்புறம். சட்டப்படி அது வீடு ஆகாது என்பது அவருடைய தீர்ப்பு.

அந்த வாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயின்ட் அடிக்க வாங்கிய பிளாஸ்டிக் வாளி. அதைக் கவிழ்த்துப் போடும் இடத்தில் புல் வட்டமாகச் செத்துப்போயிருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே அவர் அதை வைத்ததில்லை. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போடுவார், வாளியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆமைகள் வந்த கதை சின்னது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆமைக் கண்காட்சிக்கு மயில்சாமியும் சாரதாவின் அண்ணன் நஞ்சப்பனும் சேர்ந்து போனார்கள். நஞ்சப்பன் வீடு ஃபிரிஸ்கோவில், டோல்வேயில் ஏறினால் பதினைந்து நிமிஷம். விற்கிறவன் உள்ளங்கையில் ஒரு குட்டியை வைத்துக் காட்டினான். எவ்வளவு பெரிதாகும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. இரண்டு இன்ஜினியர்கள். மயில்சாமி மூன்று வாங்கினார், நஞ்சப்பன் ஒன்று வாங்கி ராசாத்தி என்று பெயர் வைத்தார். அதன் பிறகு ஐந்து வருஷம் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு, ஆமை எடையை ஒப்பிட்டுப் பெருமை பேசிக்கொண்டு, மச்சானும் மாப்பிள்ளையுமாக நன்றாகத்தான் இருந்தார்கள்.

பிறகு அந்த 'வாங்க' விவகாரம் வந்தது. கொங்கு நாட்டில் விருந்தாளிக்கு ஒரம்பரை என்று பெயர். ஒரம்பரை வாசலுக்கு வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் நேரில் வந்து, முகத்தைப் பார்த்து 'வாங்க' என்று கேட்க வேண்டும். மற்ற குற்றங்களுக்கு மன்னிப்பு உண்டு. 'வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல' என்பதற்குக் கிடையாது. அதற்காகக் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. தாமரைச்செல்வி பள்ளி முடித்ததற்கு வைத்த விருந்தன்று நஞ்சப்பன் உரிமையோடு பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வேலிக்கடியில் குழி தோண்டி மாட்டிக்கொண்டிருந்தார். மயில்சாமியின் தலையும் இரண்டு கைகளும் அந்தக் குழிக்குள் இருந்தன. நஞ்சப்பன் நின்றார். பத்து நிமிஷம் என்பது அவர் கணக்கு, அரை நிமிஷம்கூட இராது என்பது மயில்சாமியின் கணக்கு. குழியிலிருந்து தலை வெளியே வந்தபோது கேட் திறந்து கிடந்தது, கார் போயிருந்தது.

போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மயில்சாமிக்கு அன்றைக்கென்று வீம்பு வந்துவிட்டது. "பொடக்காலி வழியா வர்றவங்கள ஒரம்பரைன்னு எப்படிங்க சொல்றது? வாசல்ல வந்திருந்தா கேக்காம இருந்திருப்பனுங்களா?" என்று சட்டம் பேசினார். அங்கே அவர் வீம்பு, இங்கே இவர் வீம்பு. பொங்கல் விழாவில் ஒரே ஹாலின் இரண்டு மூலைகளில் நின்று இரண்டு பேரும் ஒரே சக்கரைப் பொங்கலைச் சாப்பிட்டார்கள். ஐந்து வருஷமாகச் சாரதா தன் அண்ணனைப் பார்க்கத் தனியாகத்தான் கார் ஓட்டிக்கொண்டு போனாள்.

இந்த ஜனவரியில் நஞ்சப்பனுக்கு மினசோட்டாவுக்கு மாற்றல் வந்தது. மே கடைசியில் கிளம்ப வேண்டும். மனிதர்களே உறைந்துபோகிற ஊருக்குப் பாலைவனத்து ஆமையைக் கொண்டுபோக முடியாது. சாரதா ஒன்றும் பேசாமல் ஒரு நாள் வேனை எடுத்துக்கொண்டு போய், துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ராசாத்தியை உட்கார வைத்துக் கூட்டி வந்துவிட்டாள். கூடவே மூன்று பக்கத்துக்கு ஒரு குறிப்பு: என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், எங்கே தடவிக் கொடுத்தால் பிடிக்கும். மேலே 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர் அதை மூன்று முறை படித்து, லேமினேட் பண்ணி, கொட்டகையில் தொங்கவிட்டார்.

சாரதா அவரிடம் இரண்டே விஷயம்தான் சொன்னாள். ராசாத்தி இங்கே மற்றவர்களோடு ஒட்டாவிட்டால் மேற்கு டெக்சாஸில் ஏதோ ஒரு பண்ணைக்காரன் எடுத்துக்கொள்வதாக அண்ணன் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார். பிறகு, "எங்கண்ணன் வர்றது ஆமையப் பார்க்கத்தானுங்க. ஆனா இந்த ஊர விட்டுப் போறதுக்குள்ள ஒருதரம் என் வீட்டுக்குள்ள வரோணும்" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி மயில்சாமி கேட்டதில்லை. மறுநாளே பக்கவாட்டுக் கேட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். வருகிறவர் வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்தால் கேட்டாக வேண்டும். அதுவரைக்கும் நல்ல திட்டம்.

புது ஆமையை உடனே மற்றவற்றோடு விடக் கூடாது, மூன்று மாதம் தனியே வைக்க வேண்டும் என்றாள் ஆமை டாக்டரம்மா. பிப்ரவரிக் குளிருக்கு கராஜ்தான் கதி. அப்படியானால் ஆமை வீட்டுக்குள் புகுந்த கணக்குதானே என்று ராமசுப்ரமணியன் கேட்டார். விளக்கு ஏற்றாத இடம் வீடு ஆகாது என்றார் மயில்சாமி. ராசாத்திக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று இரவும் பகலும் எரியும் விளக்கு ஒன்றை அதே கராஜில் தொங்கவிட்டிருந்தது அவர் நினைவுக்கு அப்போது வரவில்லை. சாரதாவின் வேன் மூன்று மாதம் வெளியே நின்றது. ஏப்ரலில் ஆலங்கட்டி மழை பெய்து, வேனின் மூக்கெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்தது. அதற்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்தே மயில்சாமிக்கு விஷயத்தின் கனம் புரிந்தது.

நடுவில் தயிர் டப்பா விவகாரம் ஒன்று. நம் வீடுகளில் தயிர் டப்பாவுக்குள் தயிர் இருப்பது அபூர்வம். புளிக்குழம்பு இருக்கும், தோசை மாவு இருக்கும், தையல் சாமான் இருக்கும். டாக்டரம்மா ராசாத்தியின் கழிவைப் பரிசோதிக்கக் கேட்டாள். மயில்சாமி அதைப் பொறுப்பாக ஒரு தயிர் டப்பாவில் எடுத்து வைத்தார். சாரதா மதியச் சாப்பாட்டை இன்னொரு தயிர் டப்பாவில் வைத்தாள். காலையில் அவர் ஒன்றை டாக்டர் கிளினிக்கில் கொடுத்துவிட்டு, மற்றதை ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்தார். பதினொரு மணிக்கு கிளினிக்கிலிருந்து போன் வந்தது. புழு பூச்சி எதுவும் தென்படவில்லை, ஆனால் கடுகும் கறிவேப்பிலையும் நிறைய இருக்கின்றன, ஆமைக்குப் பால் பொருள் கொடுப்பது நல்லதல்ல என்று அங்கிருந்த பெண் கவலையோடு சொன்னாள். மயில்சாமி ஃபிரிட்ஜுக்கு ஓடினார். அதற்குள் வழக்கம்போலப் பங்கு எடுக்க வந்த ராமசுப்ரமணியன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். அன்று முதல் அவர் மயில்சாமி வீட்டுத் தயிர் சாதத்தைத் தொடுவதில்லை.

மே முதல் வாரம் அறிமுக நாள். பழைய ஆமைகளுக்குப் பழகாத இடத்தில், தீனியை நாலைந்து இடத்தில் பிரித்துப் போட்டு, ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்காதபடி விடச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. மயில்சாமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து வேறு முறையில் செய்தார். ராசாத்தியைக் குளிப்பாட்டி, பொடக்காலி நடுவில் நிறுத்தி, பக்கத்தில் தட்டில் தண்ணீர் வைத்தார். பெரியவரைச் செம்பருத்தி இலை காட்டி எதிரே கூட்டி வந்தார். "வீட்டுப் பெரியவங்கதானுங்க மொதல்ல வந்து கேக்கோணும். பொறகு அம்மிணி, பொறகு சின்னக்கண்ணு."

மேல்படிப்புப் படிக்கும் கல்லூரியிலிருந்து வாரக் கடைசிக்கு வந்திருந்த தாமரைச்செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். "அப்பா, தே ஆர் ரெப்டைல்ஸ். தே டோன்ட் டூ ஹாஸ்பிடாலிட்டி" என்றாள்.

பெரியவர் கழுத்தை நீட்டினார். ராசாத்தியைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். மயில்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா கண்ணு, தலையாட்டறாரு. வாங்கங்கறாருங்க." ஆமை அப்படித் தலையாட்டினால் அது சண்டைக்கு அழைப்பு என்பதை நஞ்சப்பனின் குறிப்பு இரண்டாம் பக்கத்தில் சொல்லியிருந்தது. அந்த வரியை மயில்சாமி மூன்று முறையும் தாண்டிப் படித்திருக்கிறார். நாற்பது கிலோவும் ஒரே மூச்சில் வந்து ராசாத்தியின் விலாவில் மோதியது. தண்ணீர்த் தட்டு பறந்தது. ராசாத்தி வேலி வரை தள்ளிக்கொண்டு போகப்பட்டு, தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு, முதுகை எல்லோருக்கும் காட்டியபடி அப்படியே நின்றாள். மயில்சாமிக்கும் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுக்கு வந்த ஒரம்பரையை இப்படிப் பண்ணிவிட்டாரே என்று அந்த இரண்டு நாளும் பெரியவரை 'அது' என்றே குறிப்பிட்டார். இரண்டாம் நாள் மாலை ராசாத்திக்குப் பின்னால் போய் நின்றார். வந்த இடத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. அது அரை நிமிஷமா பத்து நிமிஷமா என்பது அப்படி நிற்கிறவருக்குத்தான் தெரியும் என்று தோன்றியது. உள்ளே போய்ச் சாரதாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு காபி கேட்டார்.

டாக்டரம்மா திட்டாத குறை. அந்த இடம் முழுக்கப் பெரியவரின் மனசில் பட்டா போட்ட இடம், அங்கே எதைக் கொண்டுவந்து வைத்தாலும் மோதத்தான் செய்வார், எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள், பழையவர்களுக்கும் அது புது இடமாகட்டும் என்றாள். சாரதா அதையே சுருக்கமாகச் சொன்னாள். "அவிக வாங்கன்னெல்லாம் கேக்க மாட்டாங்க. எடத்த மாத்துங்க."

ஒரு சனியும் ஞாயிறும் அப்பாவும் மகளும் பொடக்காலியைப் புரட்டிப் போட்டார்கள். கொட்டகை கிழக்கேயிருந்து மேற்கே போனது. தண்ணீர்த் தொட்டி, நிழலுக்கு வைத்த கற்பாறை, சப்பாத்திக்கள்ளித் தொட்டிகள் எல்லாம் இடம் மாறின. எல்லாம் முடிந்ததும் தாமரைச்செல்வி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாட் அபவுட் யுவர் பக்கெட்?" என்று கேட்டாள்.

"அது என்ற எடமுங்க கண்ணு" என்றார் மயில்சாமி. "ஆமைங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

அடுத்த கட்டம் பலகை. ராசாத்தி ஒரு பக்கம், மற்ற மூவர் மறுபக்கம், நடுவில் ஒரு பிளைவுட் பலகை. கீழே இரண்டு விரல்கடை இடைவெளி, கால்கள் தெரியவும் வாசனை போகவும். தினமும் ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம் மண்டியிட்டு மயில்சாமி அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வாரம் பெரியவர் பலகையை முட்டிய முட்டில் அவருக்குத் தோள்பட்டை வீங்கியது. இரண்டாம் வாரம் முட்டு குறைந்தது. பலகையை எடுத்துப் பாருங்கள் என்று சாரதா வெள்ளிக்கிழமை சொன்னாள். வெள்ளிக்கிழமை புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பது டேட்டாபேஸ்காரர்களின் வேதம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உண்மையில் அவருக்குப் பயம். மறுபடி மோதிவிட்டால் ராசாத்தி பண்ணைக்குப் போய்விடுவாள். அவளோடு சேர்ந்து, சாரதாவின் அண்ணன் இந்த வீட்டுக்கு வர இருந்த ஒரே காரணமும் போய்விடும்.

சனிக்கிழமை நாலு மணிக்கே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஐந்துக்கு வாசலில் நிற்க வேண்டும். அதற்குள் கடைசியாக ஒரு ஒத்திகை என்று, சட்டை அழுக்காகாதபடி கையை மடித்துக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு பிடி செம்பருத்தி இலையோடு பலகையைப் பிடிக்கப் போனார். தண்ணீர்த் தொட்டி கசிந்து அங்கே கணுக்கால் அளவுக்குச் சேறாக இருந்தது. நாலு முப்பத்தெட்டுக்கு அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. துணைக்கு நின்ற தாமரைச்செல்வி எடுத்துக் காட்டினாள். வாசல் மணியின் கேமராவில் நஞ்சப்பன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை, கேமராவையே முறைத்துப் பார்க்கிற முகம். இருபத்திரண்டு நிமிஷம் முன்னதாக வந்திருந்தார்.

பலகையின் மறுபக்கம் பெரியவர் சாய்ந்துகொண்டிருந்தார். கையை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. "ஜஸ்ட் டாக் த்ரூ த ஆப், அப்பா" என்றாள் தாமரைச்செல்வி.

"போன் வழியா வாங்கன்னு கேக்கறதுங்களா கண்ணு? மூஞ்சியப் பாத்துக் கேக்கோணுமுங்க."

சமையலறைக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு சாரதா வந்து நின்றாள். அவளுக்கும் மணி கேட்டிருந்தது. "நான் போய்த் தொறக்க மாட்டனுங்க" என்றாள். "நீங்க போய்த் தொறங்க."

போனில் நஞ்சப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு காரின் பக்கம் பாதி திரும்பினார். மயில்சாமி பலகையை மகளின் கையில் கொடுத்தார், கொடுத்தாரா விட்டாரா என்பது அவருக்கே தெரியாது. செருப்போடு யாரையும் உள்ளே விடாத மனிதர், சேற்றுப் பூட்ஸோடு சாரதா துடைத்து வைத்திருந்த சமையலறையில் ஏறி, பூஜை அலமாரியைத் தாண்டி, கம்பளத்தை மிதித்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்தபோது மூச்சு வாங்கியது. வெள்ளைச் சட்டை இடுப்பு வரை சேறு, கையில் ஒரு பிடி செம்பருத்தி இலை.

"வாங்க மச்சான்" என்றார்.

நஞ்சப்பன் அவரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். தலையிலிருந்து கால் வரை மறுபடி பார்த்தார். "வந்தனுங்க மாப்ள" என்றார். பிறகு அவர் கையைப் பார்த்து, "இலை எனக்குங்களா?" என்றார்.

சாரதா பின்னாலேயே வந்து 'வாங்கண்ணா' என்று கேட்டுவிட்டு, தரையில் கிடந்த சேற்றைப் பார்ப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று பேரும் அந்தச் சேற்றுத் தடத்தையே வழியாகக் கொண்டு பொடக்காலிக்கு வந்தார்கள். பலகை தரையில் கிடந்தது. தாமரைச்செல்வி அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கள்ளித்துண்டுக் குவியல் ஒன்றில் இந்தப் பக்கம் ராசாத்தி வாய் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் பெரியவர். அம்மிணியும் சின்னக்கண்ணுவும் ஆளுக்கொரு மூலையில்.

"தே ஆர் ஃபைன்" என்றாள் தாமரைச்செல்வி. "தே'வ் பீன் ஃபைன் திஸ் ஹோல் டைம்."

நஞ்சப்பன் வெகுநேரம் பார்த்தார். ராசாத்தி ஒருமுறை தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி கள்ளியைக் கடித்தாள். "அவிக வாங்கன்னு கேட்டாங்களா?" என்றார் நஞ்சப்பன். அவர் கேட்டது கிண்டலா இல்லையா என்று மயில்சாமிக்குத் தெரியவில்லை.

"கேக்கலீங்க மச்சான்" என்றார். "சித்த ஒதுங்கி எடம் விட்டாங்கபோல."

நஞ்சப்பனுக்கு முழங்காலில் வலி. நிற்கவும் முடியாமல், ஆமையை விட்டு உள்ளே போகவும் மனசில்லாமல் இந்தக் காலிலும் அந்தக் காலிலுமாக மாறி மாறி நின்றார். நாற்காலி எடுக்கச் சாரதா திரும்பினாள். அதற்குள் மயில்சாமி புல் செத்த வட்டத்திலிருந்து ஆரஞ்சு வாளியைத் தூக்கி, சட்டையில் சேறு படாத இடமாகப் பார்த்து அதன் அடிப்பாகத்தைத் துடைத்து, ராசாத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டார். அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தான் புல்லில் உட்கார்ந்துகொண்டார்.